வீட்டுச் சமையலுக்கும் சிறப்பு உணவுமுறைகளுக்குமான புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்தில் சமையல், உணவியல் அடுக்குகள் பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. அந்த அடுக்குகளுக்கு முன்னால் வந்து நிற்பவர்களில் பலர் புதிதாகச் சமைக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் அல்லர்; இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இனி வீட்டில் என்னதான் சமைப்பது என்று திகைத்து வந்தவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன் என்பதால், ஒருவருக்கு எந்த உணவுமுறை பொருந்தும் என்பதை விட்டுவிட்டு, புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் படிப்பது என்பதில் மட்டும் நிற்கிறேன்.

சமையல் புத்தகம், உணவுமுறைப் புத்தகம் எல்லாம் ஒன்றுதானே? எதை முதலில் எடுப்பது?

ஒன்றல்ல. ஒரு நோய்க்கு எதைக் குறைக்க வேண்டும், ஏன் குறைக்க வேண்டும் என்று விளக்குவது உணவியல் புத்தகம். குறைத்த பிறகும் உணவை ருசியாகச் சமைப்பது எப்படி என்று காட்டுவது சமையல் புத்தகம். டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் முதல் வகையை 613.2 என்ற எண்ணிலும், இரண்டாம் வகையை 641.5 என்ற எண்ணிலும் தேட வேண்டும். உடல்நிலைக்கேற்ற சமையல் 641.563 என்ற எண்ணில் தனியே நிற்கும். இந்த மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் யாரிடமும் நோயின் பெயரைச் சொல்லாமலே வேண்டியதைத் தேடி எடுத்துவிடலாம்.

எதை முதலில் எடுப்பது என்றால், இரண்டையும் அல்ல. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் உப்பு, எவ்வளவு மாவுச்சத்து, எவ்வளவு புரதம் என்ற அளவுகளை முதலில் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டுப்பாட்டை அவர்களிடமும் சுவையைப் புத்தகத்திடமும் வாங்குவதுதான் முறை. இதை மாற்றிச் செய்தவர்களின் கதைகள்தான் கீழே வரும் கேள்விகளில் பாதி.

சுற்றி வளைக்காமல், நல்ல புத்தகம் ஒன்றின் பெயரைச் சொல்லுங்களேன்?

சொல்வதில்லை. சர்க்கரை நோயாளிக்கு நன்றாக உதவும் புத்தகம், அவரே சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவராக இருந்தால் தீங்காகிவிடக்கூடும். பெயருக்குப் பதிலாக, புத்தகத்தைக் கையில் எடுத்துப் பத்து நிமிடத்தில் சோதிக்கும் வழியைத் தருகிறேன்.

முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள். மறுஅச்சு ஆண்டு அல்ல, உள்ளடக்கம் கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டு. பிறகு உங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறையாவது சமைக்கும் ஒரு பொருளைப் பின்பக்கச் சொல்லடைவில் தேடுங்கள். அது இல்லையென்றால் அந்தப் புத்தகம் உங்கள் அடுப்படிக்கு எழுதப்பட்டதல்ல. அடுத்து, ஏதேனும் ஒரு செய்முறையைத் திறந்து, எத்தனை பேருக்கு, ஒருவருக்கு எவ்வளவு என்பவை எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இவை இல்லாத புத்தகம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் சிறப்பு உணவுமுறைக்கு உதவாது. வண்ணப்படங்களை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எழுதியவர் டாக்டர் என்று அட்டையிலேயே இருக்கிறது. அது போதாதா?

எந்தத் துறையில் பட்டம் என்று பார்க்க வேண்டும். பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவரும் பெயருக்கு முன்னால் அதே சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். பல நாடுகளில் பதிவு பெற்ற உணவியல் நிபுணர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; சத்துணவு ஆலோசகர் என்று எவர் வேண்டுமானாலும் தம்மை அழைத்துக்கொள்ளக்கூடிய நாடுகளும் உண்டு. ஐ.எஸ்.பி.என். எண் இருப்பதைத் தரச்சான்று என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது புத்தகத்தை அடையாளம் காண்பதற்கான 13 இலக்க எண் மட்டுமே. உள்ளே இருப்பதை யாரும் படித்துப் பார்த்து அந்த எண்ணைத் தருவதில்லை.

செய்முறையின் கீழே கலோரி, புரதம் எல்லாம் போட்டிருக்கிறார்கள். அந்த எண்களை நம்பலாமா?

சரிபார்த்துவிட்டு நம்பலாம், அதற்குப் பெருக்கல் தெரிந்தால் போதும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி, ஒரு கிராம் புரதம் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. மாவுச்சத்து 40 கிராம், புரதம் 15 கிராம், கொழுப்பு 18 கிராம், மொத்தம் 260 கலோரி என்று ஒரு செய்முறையின் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். 160, 60, 162 ஆகியவற்றைக் கூட்டினால் 382 வருகிறது. நார்ச்சத்து குறைவான கலோரியே தரும் என்பதால் சிறு வேறுபாடு இயல்பு. நூறுக்கு மேல் இடிப்பது இயல்பல்ல. அப்படி மூன்று செய்முறைகள் அகப்பட்டால் நான் அந்தப் புத்தகத்தை மூடிவிடுவேன்.

கூட்டல் சரியாக இருந்தும் எண் பொய்யாக இருக்கலாம். பெரும்பாலும் விடுபட்டுப்போவது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், அதாவது 120 கலோரிக்குக் கொஞ்சம் கூட. நான்கு பேருக்கான செய்முறையில் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றச் சொல்லிவிட்டு, ஒருவருக்குக் கொழுப்பு 6 கிராம் என்று அட்டவணை சொன்னால், அந்த எண்ணெய் சட்டியில் விழுந்தது, கணக்கில் விழவில்லை என்று பொருள். இன்னொரு தந்திரம் பங்கின் அளவில் இருக்கிறது. ஒரு சிறு கேக்கை 16 துண்டாக்கி, ஒரு துண்டுக்கு 90 கலோரிதான் என்பார்கள். அந்தத் துண்டு எவ்வளவு பெரியது என்று கத்தியை எடுத்து வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

'ஒரு கப்' என்று போட்டிருந்தால் எந்தக் கப்பால் அளப்பது?

புத்தகம் எந்த நாட்டில் அச்சானது என்று பாருங்கள். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 240 மி.லி., மெட்ரிக் கப் 250 மி.லி., ஜப்பானியக் கப் 200 மி.லி. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மி.லி.; ஆஸ்திரேலியாவில் 20 மி.லி. சாதாரணச் சமையலில் இந்த வேறுபாடு பெரிதல்ல. மாவுச்சத்தை எண்ணிச் சாப்பிட்டு அதற்கேற்ப இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு அது பெரிது.

கப் ஒன்றாகவே இருந்தாலும் நிரப்பும் விதம் எடையை மாற்றிவிடும். கோதுமை மாவைக் கரண்டியால் அள்ளித் தளர்வாகப் போட்டால் ஒரு கப் சுமார் 120 கிராம். கப்பையே மாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 கிராம் வரை போகும். உப்பும் அப்படித்தான்: பொடியுப்பு ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம், செதில் உப்பு அதில் பாதிதான் வரும். ஆகவே சிறப்பு உணவுமுறைக்கு வாங்கும் புத்தகத்தில் கிராம் கணக்கு இருக்க வேண்டும். வீட்டில் ஒரு சமையலறைத் தராசும் இருக்க வேண்டும். புத்தகமா தராசா, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தராசை வாங்குங்கள். புத்தகத்தை நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் நாற்பது வருடப் பழைய புத்தகம் ஒன்று இருக்கிறது. இன்னும் பயன்படுமா?

சமைக்கும் கைப்பக்குவத்துக்குப் பயன்படும். மருத்துவ அறிவுரைக்கும் பாதுகாப்புக்கும் பயன்படாது. வெண்ணெய்க்கு மாற்றாக, ஹைட்ரஜனேற்றம் செய்த கெட்டிக் கொழுப்பை இதயத்துக்கு நல்லது என்று பரிந்துரைத்த காலம் அது. அதில் இருந்த டிரான்ஸ் கொழுப்புதான் இதயத்துக்கு மிகக் கேடானது என்று பின்னர் தெளிவானது. 2018-இல் உலகச் சுகாதார அமைப்பு அதை உணவுத் தொழிலிலிருந்தே நீக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. குழந்தைகளுக்கு நிலக்கடலை தரும் காலத்திலும் அறிவுரை தலைகீழாகியிருக்கிறது. ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கொடுக்க வேண்டாம் என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கூறினார்கள். 2008-இல் அதைக் கைவிட்டார்கள். 2015-இல் வெளியான ஆய்வு, 4 முதல் 11 மாதத்துக்குள் கொடுக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கே அந்த ஒவ்வாமை மிகக் குறைவாக வந்தது என்று காட்டியது. கடும் எக்சிமா என்ற தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு இதை மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

பழைய புத்தகங்களில் நான் மிகவும் அஞ்சுவது, காய்கறிகளைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்தால் போதும் என்று சொல்லும் பக்கங்களுக்குத்தான். புளிப்புக் குறைந்த காய்கறிகளில் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரின் 100 டிகிரிக்குச் சாவதில்லை. அழுத்தக் கலனில் 116 டிகிரிக்கு மேல், குறித்த நேரம் வைத்தாக வேண்டும்.

மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்துக்கென்றே புத்தகங்கள் வருகின்றனவே, அவை ஆரோக்கியமானவைதானே?

பெரும்பாலும் ஆம், ஒரே ஒரு எச்சரிக்கையுடன். சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சு, நன்றாகக் கொதித்தால்தான் அழியும். குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அழியாது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம், கூடுமானால் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மின்பாத்திரத்தில் இட வேண்டும். இந்த ஒரு வரி புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; அதை எழுதியவர் மற்ற இடங்களிலும் கவனமாக இருப்பார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சர்க்கரையே சேர்க்காத இனிப்புகள் என்று ஒரு புத்தகம். எங்கள் வீட்டுச் சர்க்கரை நோயாளிக்குத் தாராளமாகக் கொடுக்கலாமா?

வெள்ளைச் சர்க்கரையை எடுத்துவிட்டு எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தேன், பேரீச்சம்பழப் பாகு, அடர்த்தியாக்கிய பழச்சாறு ஆகியவையாக இருந்தால் பெயர்தான் மாறியிருக்கிறது. தேனிலும் பாகிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையை உலகச் சுகாதார அமைப்பு வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைக்கிறது. இவை அனைத்தும் சேர்ந்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

எங்கள் நூலகத்தில் இப்படிப்பட்ட ஒரு புத்தகம் திரும்பி வரும்போதெல்லாம் இனிப்புப் பகுதியில் மட்டும் புதிய எண்ணெய்க் கறைகள் கூடியிருக்கும்; காய்கறிப் பகுதியின் பக்கங்கள் கடையில் வாங்கியபோது இருந்த மடிப்புக் குலையாமல் இருக்கின்றன.

கிளைசீமிக் குறியீடு குறைந்த உணவாகப் பார்த்துச் சமைத்தேன், ஆனாலும் சர்க்கரை ஏறுகிறது. புத்தகம் பொய்யா?

புத்தகம் பொய்யாக இல்லாமலும் இது நடக்கும். 1981-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் வகுத்த அந்தக் குறியீடு, குறிப்பிட்ட அளவு மாவுச்சத்து, பெரும்பாலும் 50 கிராம், இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை மட்டும் அளக்கிறது. 55-க்குக் கீழே இருந்தால் குறைவு, 70-க்கு மேல் இருந்தால் அதிகம் என்கிறார்கள். தட்டில் எவ்வளவு போட்டுக்கொண்டீர்கள் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. குறியீடு குறைந்த தானியத்தை இரண்டு மடங்கு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

குழைய வேகவைப்பதும், மாவாக அரைப்பதும் குறியீட்டை உயர்த்தும்; ஒரே உணவு இருவர் உடலில் இருவேறு விதமாகச் செயல்படும். குறியீட்டோடு ஒரு பங்கில் உள்ள மாவுச்சத்தின் கிராமையும் தரும் புத்தகமே உதவும். அதிலும் உங்கள் குளுக்கோமீட்டர் சொல்வதை அந்தச் செய்முறையின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள் (சொந்தப் புத்தகமாக இருந்தால் மட்டும்).

உப்புக் குறைத்த சமையல் புத்தகத்தில், சோடியம் இல்லாத மாற்று உப்பைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

முதலில் கணக்கு: உலகச் சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைந்த உப்பு, அதாவது 2 கிராமுக்கும் குறைந்த சோடியம். புத்தகம் சோடியத்தை மட்டும் தந்தால் அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

மாற்று உப்புகளில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் நன்றாக இயங்குபவர் பலருக்கு அதனால் தொல்லை இல்லை. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் கூடி, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். இந்த எச்சரிக்கையைத் தராமல் மாற்று உப்பைப் பரிந்துரைக்கும் புத்தகத்தை நான் அடுக்கிலிருந்து எடுத்து, திருத்திய பதிப்பு வந்துள்ளதா என்று தேடுவேன்.

சிறுநீரக நோயாளிக்கு, பொதுவான ஆரோக்கியச் சமையல் புத்தகம் போதாதா? காய்கறியும் பருப்பும் எல்லோருக்கும் நல்லதுதானே?

இந்த இடத்தில்தான் மிகுந்த தவறு நடக்கிறது. பொதுப் புத்தகம் புகழும் வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி, கொட்டைப் பருப்புகள் ஆகியவை பொட்டாசியம் நிறைந்தவை. பொட்டாசியம் கூடியுள்ள சிறுநீரக நோயாளிக்கு இவற்றையே அளவிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். காயைச் சிறிதாக நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து நீரைக் கொட்டுவது போன்ற, பொதுப் புத்தகங்கள் சத்து வீணாகும் என்று கண்டிக்கும் முறையையே சிறுநீரகப் புத்தகம் கற்பிக்கும்.

அதற்குள்ளும் நோயின் கட்டம் முக்கியம். டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்வது வழக்கம். டயாலிசிஸ் தொடங்கிய பின் புரதத்தைக் கூட்டச் சொல்வார்கள். இரண்டு கட்டங்களையும் ஒரே அத்தியாயத்தில் கலந்துவிட்ட புத்தகம் இரண்டு தரப்பினருக்கும் ஆபத்து. அட்டையில் இல்லாவிட்டாலும் முன்னுரையிலாவது எந்தக் கட்டத்தினருக்காக எழுதப்பட்டது என்று சொல்லியிருக்க வேண்டும்.

குளூட்டன் இல்லாத சமையல் எல்லோருக்கும் நல்லதா?

சீலியாக் நோயாளிகளுக்கு அது வாழ்நாள் மருந்து. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றின் புரதமான குளூட்டன் அவர்களுடைய சிறுகுடலைச் சிதைக்கிறது. அந்த நோயோ கோதுமை ஒவ்வாமையோ இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் தனிப் பயன் எதுவும் காட்டப்படவில்லை. நோய் இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், புத்தகத்தைப் பார்த்துக் கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; நிறுத்திய பிறகு செய்தால் முடிவு தவறாக வரலாம்.

சீலியாக் நோயாளிக்கான புத்தகமா, நாகரிகத்துக்கான புத்தகமா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பன்னாட்டு உணவுத் தர நெறிகளின்படி குளூட்டன் இல்லாதது என்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அவ்வளவு நுண்ணிய அளவு என்பதால், தனிச் சல்லடை, தனி வெட்டுப்பலகை, கோதுமை கலக்காத ஓட்ஸ் ஆகியவற்றைப் பற்றி உண்மையான புத்தகம் சில பக்கங்களாவது பேசும்.

'பால் இல்லாத சமையல்' புத்தகத்தில் பாலாடைக்கட்டி வருகிறதே?

அது பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கான புத்தகமாக இருக்கும். நாள்பட முதிர்ந்த கெட்டிப் பாலாடைக்கட்டியில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை என்பதால் அவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதே கட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். அட்டையை விட்டுவிட்டு முன்னுரையைப் படியுங்கள்.

முழுத் தாவர உணவுப் புத்தகம், சுருள்பாசியில் (ஸ்பைருலினா) வைட்டமின் பி12 கிடைக்கும் என்கிறது. சரிதானா?

நம்ப முடியாது. சுருள்பாசி போன்றவற்றில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். பால், முட்டை உள்பட எல்லா விலங்கு உணவையும் விட்டவர்களுக்கு மாத்திரையோ பி12 செறிவூட்டிய உணவோ தேவை என்று வெளிப்படையாகச் சொல்லும் புத்தகத்தை எடுங்கள்.

கீட்டோ புத்தகத்தைப் படித்துவிட்டு நாளைக்கே தொடங்கலாம் என்றிருக்கிறேன். தவறா?

மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா என்பதைப் பொறுத்தது. மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறை 1921-இல், எடை குறைப்புக்காக அல்ல, வலிப்பு நோய்க்காக உருவானது. இன்றும் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில்தான் அதைத் தொடங்குகிறார்கள். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். பெயர் 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்கு, இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோ அமிலத் தேக்கம் வரக்கூடும். மருந்தளவைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லாத கீட்டோ புத்தகம், இளவயதினரும் நோயற்றவர்களும் மட்டுமே படிப்பார்கள் என்று எண்ணி எழுதப்பட்டது.

வயிற்றுக் கோளாறுக்காக ஃபோட்மேப் குறைந்த புத்தகத்தை ஆறு மாதமாகப் பின்பற்றுகிறேன். வயிறு சரியாகிவிட்டது. தொடரலாமா?

முதல் பகுதியோடு நின்றுவிட்டீர்கள். ஃபோட்மேப் என்பது குடலில் சரியாகச் செரிக்காமல் நொதிக்கும் சில மாவுச்சத்து வகைகளின் பொதுப்பெயர். அவற்றைக் குறைக்க ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த அந்த முறைக்கு மூன்று படிகள் உண்டு. வெங்காயம், பூண்டு, கோதுமை, சில பழங்கள், பயறுகள் ஆகியவற்றை 2 முதல் 6 வாரம் விலக்குவது முதல் படி. ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்து, எது தொல்லை தருகிறது என்று கண்டறிவது இரண்டாவது. தொல்லை தருவதை மட்டும் விலக்கி வாழ்வது மூன்றாவது. முதல் படியிலேயே தங்கினால், குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகும் நார்ச்சத்தும் போய்விடும். செய்முறைகள் மட்டுமே நிறைந்து, திரும்பச் சேர்க்கும் கால அட்டவணை இல்லாத புத்தகம் பாதிப் புத்தகம்தான்.

ஒரு புத்தகம் முட்டை வேண்டாம் என்கிறது, இன்னொன்று தினமும் சாப்பிடு என்கிறது. யாரைத்தான் நம்புவது?

இரண்டின் பதிப்பாண்டையும் பாருங்கள். உணவிலுள்ள கொலஸ்ட்ரால் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற எண்ணை அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் 2015-இல் கைவிட்டன. முன்னும் பின்னும் எழுதப்பட்ட புத்தகங்கள் மோதிக்கொள்வதில் வியப்பில்லை. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வதைப் புரட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மத்தியதரைக்கடல் உணவுமுறை பற்றி ஸ்பெயினில் நடந்த பெரிய ஆய்வு 2013-இல் வெளியானது. பங்கேற்பாளர்களைப் பிரித்ததில் பிழை கண்டறியப்பட்டதால் 2018-இல் அதைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். முடிவு பெரிதும் மாறவில்லை. அந்த உணவுமுறையைப் பற்றிய நல்ல புத்தகம் இந்தக் கதையையும் சொல்லும்.

இதற்கு மாறாக, உணவால் இரத்தத்தின் அமிலத்தைக் குறைத்துக் காரத்தன்மையைக் கூட்டலாம் என்று சொல்லும் புத்தகத்தோடு வாதாடவே தேவையில்லை. இரத்தத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை நுரையீரலும் சிறுநீரகமும் 7.35-க்கும் 7.45-க்கும் இடையிலேயே வைத்துக்கொள்கின்றன.

அம்மாவுக்குச் சர்க்கரை, எனக்கு இரத்த அழுத்தம், கைக்குழந்தைக்கு இப்போதுதான் திட உணவு. மூன்று புத்தகம் வாங்கி மூன்று அடுப்பா மூட்டுவது?

ஒரு சட்டி போதும், ஆனால் புத்தகத்தின் வரிசையை மாற்றிப் படிக்க வேண்டும். பெரும்பாலான செய்முறைகள் உப்பையும் இனிப்பையும் நடுவிலேயே சேர்க்கச் சொல்லும். நீங்கள் அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். காய்கறியும் பருப்பும் வெந்ததும் முதல் கரண்டியைக் குழந்தைக்கு எடுத்து மசித்துவிடலாம். ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் தேவையில்லை, தேன் கூடவே கூடாது. அதன் பிறகு உங்கள் பங்குக்கு அளந்த உப்பைப் போட்டு எல்லோருக்கும் பொதுவாக்கிவிடலாம். அம்மாவின் தட்டில் மாவுச்சத்து மட்டும் தராசில் நிறுத்து வைக்கப்படும். கொழுப்புக் குறைத்த பாலை மட்டும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நீட்டாதீர்கள். அது பெரியவர்களுக்கான அறிவுரை.

ஆகவே வாங்க வேண்டியது ஒரு புத்தகம்: அம்மாவுக்கானது, கிராம் கணக்கோடு. மற்ற இரண்டையும் நூலகத்திலிருந்து எடுத்துச் சென்று, எதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டு, தவணை முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.